ட்ராஷை நீக்கும் ஸ்கிரிப்ட் எந்தத் தேதியை எண்ணுகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மெயில் சர்வரில் தினமும் இரவு ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ட்ராஷ் ஃபோல்டரில் 30 நாளுக்கு மேல் பழையதாக இருப்பவற்றை நீக்குவது அதன் வேலை. ஒருவர் காலையில் கை தவறி ஒரு மெயிலை ட்ராஷுக்கு இழுத்துவிட்டார். மறுநாள் தேடினால் காணோம். 30 நாள் இருக்க வேண்டியது ஒரே இரவில் போய்விட்டது. பேக்கப்பில் தேடினால் அங்கேயும் அது இல்லை. கேட்டவரிடம் இன்னொரு சர்வரும் இருக்கிறது. அதைப் புது டிஸ்க்குக்கு மாற்றியதிலிருந்து ட்ராஷ் காலியாகவே மாட்டேன் என்கிறது, போனில் பார்த்தால் எல்லா மெயிலும் ஒரே தேதியில் வந்ததாகக் காட்டுகிறது. ஸ்கிரிப்டில் பிழையா, டிஸ்க்கில் பிழையா என்று கேட்கிறார்.

இரண்டிலும் பிழை இல்லை. மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். ‘30 நாள் பழையது’ என்று நாம் சொல்லும்போது மனதில் ஒரு தேதி இருக்கிறது, ஸ்கிரிப்ட் பார்ப்பது வேறொரு தேதி. ஒரு மெயிலுக்கு அது அனுப்பப்பட்ட தேதி, வந்து சேர்ந்த தேதி, இந்த ஃபோல்டருக்குள் நுழைந்த தேதி, டிஸ்க்கில் கடைசியாக ஏதாவது மாறிய தேதி என்று குறைந்தது நான்கு உண்டு. ட்ராஷை நீக்க மூன்றாவது வேண்டும். பேக்கப்புக்கு நான்காவது வேண்டும். பயனர் கண்ணில் பல நேரம் படுவது இரண்டாவது. கோப்பின் மீது இருக்கும் ஒரே முத்திரையை மூன்று வேலைக்கும் பயன்படுத்தினால் ஏதோ ஒரு இடத்தில் அது காலை வாரிவிடும்.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்ற பதிவு இருக்கிறது. நேரங்கள் அதில்தான் எழுதப்படுகின்றன. உள்ளே இருக்கும் எழுத்து கடைசியாக எப்போது மாறியது என்பது எம்டைம். கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்பது ஏடைம். மூன்றாவது சிடைம். இதில் வரும் ‘சி’யை ‘கோப்பு உருவான நேரம்’ என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். அது உருவான நேரம் இல்லை, ஐநோடில் ஏதாவது மாறிய நேரம். உரிமையாளரை மாற்றினால் மாறும், அனுமதியை மாற்றினால் மாறும், அதே கோப்புக்கு இன்னொரு பெயர் தரும் ஹார்ட் லிங்க் போட்டால் மாறும். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பமைப்புகளில் பெயரை மாற்றினாலோ வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோகூட மாறும். கோப்பு உண்மையில் பிறந்த நேரத்தை எக்ஸ்ட்4 போன்ற கோப்பமைப்புகள் தனியாக வைத்திருக்கின்றன. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் வழி லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 4.11 பதிப்பில், 2017இல்தான் வந்தது. பழைய கருவிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

இவற்றுக்குள் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. எம்டைமையும் ஏடைமையும் கோப்பின் உரிமையாளர் நினைத்தபடி மாற்றலாம். ‘டச்’ என்ற கமாண்ட் போதும், நேற்று எழுதிய கோப்புக்கு 1995ஆம் ஆண்டுத் தேதி போடலாம். சிடைமை அப்படி மாற்றச் சொல்லிக் கர்னலிடம் கேட்கும் சிஸ்டம் கால் எதுவும் கிடையாது. எம்டைமை மாற்றப் போனாலே சிடைம் ‘இப்போது’ என்று ஆகிவிடும். எனவே எம்டைம் என்பது யாரோ ஒருவர் எழுதி வைத்த தேதி, சிடைம் என்பது கர்னல் தானாகக் குத்திய முத்திரை. இனிச் சொல்லப்போவது முழுக்க இந்த ஒரு வேற்றுமையில்தான் நிற்கிறது.

சரி, மெயிலுக்கு வருவோம். பல லினக்ஸ் சர்வர்களில் மெயில்கள் மெயில்டிர் என்ற அமைப்பில் இருக்கின்றன. டேனியல் பெர்ன்ஸ்டைன் தான் எழுதிய க்யூமெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளுக்காக வகுத்தது இது. ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ‘டெம்ப்’, ‘நியூ’, ‘கர்’ என்று மூன்று உள் ஃபோல்டர்கள். மெயில் முதலில் டெம்ப்பில் எழுதப்படும், முழுதாக எழுதி முடிந்ததும் நியூவுக்கு நகரும். மெயில் புரோகிராம் அதைப் பார்த்துவிட்டால் கர்ருக்குப் போகும். படித்தாயிற்று, பதில் போட்டாயிற்று, கொடி குத்தியாயிற்று என்பதெல்லாம் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒவ்வொரு எழுத்தாக ஒட்டிக்கொள்ளும். அதாவது ஒரு மெயிலின் நிலை மாறினால் மாறுவது கோப்பின் பெயர்தான், உள்ளே ஒரு எழுத்துகூட மாறாது.

எடுத்துக்காட்டுக்காக ஒரே ஒரு மெயிலோடு கூடவே நடந்து பார்ப்போம், அது தொடக்கம் முதல் ஒரே சர்வரில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். உலகப் பொது நேரப்படி 2023 நவம்பர் 14, இரவு 22:13:20க்கு ஒரு மெயில் வருகிறது. அதன் கோப்பின் பெயர் 1700000000 என்று தொடங்கும். 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிய நொடிகள் அவை. எம்டைமும் சிடைமும் இப்போதைக்கு ஒன்றேதான். மறுநாள் காலை பயனர் அதைத் திறந்து படிக்கிறார். கோப்பு கர்ருக்கு நகர்ந்து, பெயரின் கடைசியில் ‘பார்த்தாயிற்று’ என்பதற்கான ‘எஸ்’ சேர்கிறது. எம்டைம் நவம்பர் 14இலேயே நிற்கிறது, சிடைம் மட்டும் நவம்பர் 15 ஆகிறது. அப்புறம் ஏறத்தாழ 22 மாதம் யாரும் அதைத் தொடவில்லை. 2025 செப்டம்பர் 10 காலையில் கை தவறி ட்ராஷுக்கு இழுக்கிறார். டவ்காட் போன்ற மெயில் சர்வர் மென்பொருள் இதற்காக மெயிலை மறுபடி எழுதுவதில்லை. ட்ராஷில் ஒரு ஹார்ட் லிங்க் போட்டுவிட்டுப் பழைய இடத்தில் இருப்பதை எடுத்துவிடும். எம்டைம் இப்போதும் 2023 நவம்பர் 14. சிடைம் 2025 செப்டம்பர் 10.

அன்று இரவு ஸ்கிரிப்ட் வருகிறது. அதில் இருப்பது கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கமாண்ட், ‘எம்டைம் ப்ளஸ் 30’ என்ற நிபந்தனை, கடைசியில் டெலீட். அதன் கண்ணுக்கு இந்த மெயில் 22 மாதம் பழையது. ட்ராஷுக்கு வந்து பன்னிரண்டு மணி நேரம்தான் ஆகிறது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை, ஏனென்றால் எம்டைமில் அந்தச் செய்தி இல்லை. உங்கள் முதல் மர்மம் இவ்வளவுதான். இதில் மனசு வருந்தும் விஷயம் என்னவென்றால், நேற்று வந்த விளம்பர மெயிலை ட்ராஷில் போட்டால் இதே ஸ்கிரிப்ட் அதைக் கவனமாக ஒரு மாதம் வைத்திருக்கும். வருடக்கணக்கில் காப்பாற்றி வைத்த மெயிலைத்தான் முதல் இரவே அழிக்கும். எது மதிப்புள்ளதோ அதைக் குறிபார்த்து எடுக்கிறது. இப்படி ஒரு ஸ்கிரிப்ட் எங்கேயாவது ஓடிக்கொண்டிருந்தால் இதைப் படித்து முடிக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள்.

அப்படியானால் எம்டைமுக்குப் பதில் சிடைம் என்று மாற்றினால் போதாதா? பாதி போதும். ட்ராஷுக்குள் நுழைந்த நேரத்துக்கு டிஸ்க்கில் இருக்கும் மிக நெருங்கிய சாட்சி சிடைம்தான். ஆனால் அது லேசாகத் தொட்டாலே மாறுகிற சாட்சி. ட்ராஷில் படிக்காமல் கிடக்கும் மெயிலை ஒருவர் திறந்து பார்த்தால் பெயர் மாறும், எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். யாராவது மெயில் ஃபோல்டர் முழுவதற்கும் உரிமையாளரை மாற்றும் கமாண்டை ஓட்டினால் எல்லா மெயிலுக்கும் அன்றைய தேதி. ஒரே டிஸ்க்குக்குள் ஹார்ட் லிங்க் வைத்துத் தினமும் நகல் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். லிங்க் போடும்போதெல்லாம் சிடைம் புதுப்பிக்கப்படுவதால் அங்கே ட்ராஷ் காலியாகவே காலியாகாது. இருந்தாலும் இரண்டில் ஒன்றை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நான் சிடைமைத்தான் எடுப்பேன். அது தவறினால் மெயில் கூடுதல் நாள் தங்கும். எம்டைம் தவறினால் மெயில் போய்விடும்.

ஃபைண்ட் நாளை எப்படி எண்ணுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயதை 24 மணி நேரத்தால் வகுத்து மீதியைத் தூக்கிப் போட்டுவிடும். ‘ப்ளஸ் 30’ என்றால் 30ஐத் தாண்டிய முழு எண், அதாவது குறைந்தது 31 நாள் ஆகியிருக்க வேண்டும். ‘ப்ளஸ் 1’ என்று எழுதிவிட்டு நேற்றையது ஏன் போகவில்லை என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

சரியான வழி, கோப்பை நேரடியாகத் தொடாமல் மெயில் சர்வரிடமே வேலையை ஒப்படைப்பது. கோப்புகளை வெளியிலிருந்து அழித்தால் சர்வர் வைத்திருக்கும் இண்டெக்ஸுக்கும் டிஸ்க்குக்கும் பொருத்தம் போகும். அதைவிட முக்கியம், மேலே சொன்ன தேதிகளைச் சர்வர் தனித்தனியாக அறிந்து வைத்திருக்கிறது. டவ்காட் அனுப்பிய தேதி, பெற்ற தேதி, சேமித்த தேதி என்று மூன்றையும் பிரித்தே பேசுகிறது. மெயிலின் தலைப்பில் இருப்பது அனுப்பிய தேதி. மெயில்டிரில் பெற்ற தேதியை அது எம்டைமிலிருந்து எடுக்கிறது, சேமித்த தேதியைச் சிடைமிலிருந்து எடுக்கிறது. டவ்காட்டின் நிர்வாகக் கருவியில் மெயிலை நீக்கும் ‘டவ்அட்மின் எக்ஸ்பஞ்ச்’ கமாண்டில் ‘சேவ்டுபிஃபோர் 30டி’ என்று கொடுத்தால், இந்த ஃபோல்டருக்கு வந்து 30 நாள் ஆனவை மட்டும் போகும். ஒருமுறை கேட்ட சேமித்த தேதியை டவ்காட் தன் கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளவும் முடியும் என்பதால், பின்னால் யாராவது உரிமையாளரை மாற்றினாலும் அவ்வளவு எளிதில் ஏமாறாது.

பழையதைத் தானாக நீக்கும் ‘ஆட்டோஎக்ஸ்பஞ்ச்’ என்ற அமைப்பும் இருக்கிறது, கன்ஃபிகரேஷனில் ஒரே வரிதான். அதை மட்டும் நம்பி இருக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பயனர் இணைப்பைத் துண்டிக்கும்போதோ, அவருக்குப் புது மெயில், பெட்டியில் கொண்டு சேர்க்கும் எல்எம்டிபி நெறிமுறை வழியாக வந்து சேரும்போதோதான் அது வேலை செய்யும். யாரும் நுழையாத, மெயிலும் வராத கணக்கில் அது விழித்துக்கொள்வதே இல்லை. நான் இரண்டையும் வைத்திருப்பேன்: அன்றாடத்துக்கு ஆட்டோஎக்ஸ்பஞ்ச், வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் டவ்அட்மின். கூடவே ‘லேசி எக்ஸ்பஞ்ச்’ ப்ளக்இன் போட்டுவிட்டால் நீக்கிய மெயில் உடனே அழியாமல் பயனர் பார்க்காத தனி இடத்துக்குப் போகும். கை தவறி நீக்கியவர்களுக்கு இதைவிட நல்ல உதவி வேறு இல்லை.

‘சேமித்த தேதி’ என்ற கருத்து, மெயில் புரோகிராம் சர்வரோடு பேசும் ஐமேப் நெறிமுறைக்குள்ளேயே தாமதமாகத்தான் வந்தது. 2003இல் வந்த நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 3501இல் ‘இன்டர்னல்டேட்’ என்று பெற்ற தேதி இருந்தது, தலைப்பில் உள்ள தேதியை வைத்துத் தேடும் வழியும் இருந்தது. ஃபோல்டருக்குள் நுழைந்த தேதியைக் கேட்டு வாங்கும் ‘சேவ்டேட்’ நீட்டிப்பு 2019இல் ஆர்எஃப்சி 8514ஆக வந்தது. ஐமேப் வழியாக ட்ராஷை நீக்கும் ஸ்கிரிப்டை நீங்களே எழுதினால், சர்வர் சேவ்டேட் தருகிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் ‘பிஃபோர்’ என்று தேடினால் அது பெற்ற தேதியை எண்ணும், அதே பழைய பள்ளத்தில்தான் விழுவீர்கள். தலைப்புத் தேதியை நம்புவது இன்னும் மோசம். அதை எழுதுவது அனுப்புநரின் கணினி, அதன் கடிகாரம் என்ன சொன்னதோ அதுதான். 1970ஆம் ஆண்டுத் தேதியோடு வரும் மெயிலும் உண்டு, 2038ஆம் ஆண்டுத் தேதியோடு வந்து பட்டியலின் உச்சியில் அமர்ந்துகொள்ளும் ஸ்பேமும் உண்டு.

இப்போது இரண்டாவது சர்வர். புது டிஸ்க்குக்கு மாற்றும்போது ‘சிபி மைனஸ் ஆர்’ என்று நகலெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சாதாரண ‘சிபி’ உள்ளடக்கத்தை எடுத்துச் செல்லும், தேதியை எடுத்துச் செல்லாது. எல்லாக் கோப்புக்கும் நகலெடுத்த நேரமே எம்டைம் ஆகிவிட்டது. டவ்காட் அதைப் ‘பெற்ற தேதி’ என்று போனுக்குச் சொல்கிறது, போன் அதை அப்படியே காட்டுகிறது. எம்டைமை எண்ணும் ஸ்கிரிப்ட் எல்லாமே புதியவை என்று நினைத்து எதையும் தொடாமல் போகிறது. இரண்டு தொல்லைக்கும் ஒரே காரணம் என்று சொன்னது இதைத்தான். ‘சிபி மைனஸ் ஏ’, இரு இடங்களை ஒப்பிட்டு நகலெடுக்கும் ‘ஆர்சிங்க் மைனஸ் ஏ’ இரண்டும் எம்டைமைக் காப்பாற்றும். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார், விரிக்கும்போது இயல்பாகவே காப்பாற்றும். வேறு கணினிக்கு நகலெடுக்கும் ‘எஸ்சிபி’க்குச் சிறிய ‘பி’ கொடுக்க வேண்டும். சிடைமை இவை எதனாலும் காப்பாற்ற முடியாது, அது மாற்றிய நாளாகவே இருக்கும். எனவே எவ்வளவு ஒழுங்காக மாற்றினாலும் ட்ராஷில் இருப்பவற்றுக்கு 30 நாள் புதிதாகத் தொடங்கும். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம்.

எம்டைமைத் திரும்பக் கொண்டுவரலாம். பழைய டிஸ்க் இன்னும் இருந்தால் மிக எளிது. மெயில் சேவையை நிறுத்திவிட்டு, பழையதிலிருந்து புதியதுக்கு ஆர்சிங்க் மைனஸ் ஏ மறுபடி ஓட்டுங்கள். பெயர் மாறாத கோப்புகளுக்குத் தேதி சரியாகிவிடும். ஆனால் இடைப்பட்ட நாட்களில் பயனர்கள் படித்ததால் பெயர் மாறியவை இரட்டையாக வந்து நிற்கும். அதனால் முதலில் எதையும் மாற்றாத ஒத்திகையான ‘ட்ரை ரன்’ செய்து எவையெல்லாம் புதிதாக உருவாகும் என்று பாருங்கள். ‘எக்ஸிஸ்டிங்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் ஏற்கெனவே இருப்பவற்றை மட்டும் தொடும்.

பழைய டிஸ்க் இல்லையென்றால் கோப்பின் பெயரே கை கொடுக்கும். முதல் புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்ணை எடுத்து, ‘அட்’ குறி போட்டு டச்சுக்குக் கொடுத்தால் அந்த நொடியே எம்டைம் ஆகும். 1700000000 கொடுத்தால் 2023 நவம்பர் 14 திரும்ப வந்துவிடும். ஒரே எச்சரிக்கை: அந்த எண் அந்தக் கோப்புக்குப் பெயர் வைத்த நேரம். நேராக டெலிவரி ஆன மெயிலுக்கு அதுவும் வந்த நேரமும் ஒன்று. வேறு சர்வரிலிருந்து இறக்குமதி செய்த மெயிலுக்கு அது இறக்குமதி செய்த நேரம், ஃபோல்டர் மாறும்போது சில சர்வர்கள் புதுப் பெயரும் வைக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு மெயிலைத் திறந்து, தலைப்பில் மேலே முதலாவதாக இருக்கும் ‘ரிசீவ்டு’ வரியில் உள்ள நேரத்தை எடுங்கள். அது கடைசியாகக் கைமாறிய சர்வர் எழுதியது, அனுப்புநரின் கடிகாரத்தைவிட நம்பகமானது. எம்டைமைச் சரிசெய்த பிறகும் போனில் பழைய தவறான தேதியே தெரிந்தால் பயப்பட வேண்டாம். டவ்காட்டின் கேஷ் கோப்பில் அந்தத் தேதி உட்கார்ந்திருக்கும், போனும் தன் பங்குக்கு நினைவில் வைத்திருக்கும். கேஷ் கோப்பை அழித்துவிட்டு, போனில் கணக்கை நீக்கி மறுபடி சேர்த்தால் சரியாகும்.

இனி பேக்கப். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பகுதிதான், ஏனென்றால் ட்ராஷ் தவறினால் யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள், பேக்கப் தவறினால் தேவைப்படும் நாள் வரை யாருக்கும் தெரியாது.

உங்கள் பேக்கப் மாதம் ஒருமுறை முழு நகலும், தினமும் ‘நேற்றுக்குப் பிறகு எம்டைம் மாறியவை’ மட்டும் எடுக்கும் சிறு நகலுமாக இருக்கிறது. காணாமல் போன மெயில் செப்டம்பர் தொடக்கத்தில் பழைய சர்வரிலிருந்து, சர்வருக்குச் சர்வர் மெயிலை நகலெடுக்கும் ஐமேப்சிங்க் வழியாக வந்த தொகுப்பில் ஒன்று. ஐமேப்சிங்க் ஒழுங்கான கருவி. பெற்ற தேதியையும் சேர்த்தே அனுப்பும், டவ்காட்டும் அதை மதித்து எம்டைமில் 2023 என்று எழுதும். விளைவு என்னவென்றால், டிஸ்க்குக்கு நேற்று வந்த கோப்பு, தேதி மட்டும் இரண்டு வருடம் பழையது. தினசரி பேக்கப் ‘நேற்றுக்குப் பிறகு மாறியது எது’ என்று கேட்கும்போது அந்தக் கோப்பு கையைத் தூக்காது. அடுத்த முழு நகல் வரும் வரை இறக்குமதி செய்த மொத்த மெயிலும் பேக்கப்பே இல்லாமல் இருந்திருக்கிறது. இடைப்பட்ட நாளில் ட்ராஷ் ஸ்கிரிப்ட் அதை எடுத்துவிட்டது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு சிறிய அலுவலகத்தின் மெயிலை வார இறுதியில் மாற்றிக் கொடுத்தேன், திங்கள்கிழமை பேக்கப் வழக்கமான அளவில் முடிந்திருந்தது. பல கிகாபைட் மெயில் புதிதாக வந்திருக்கும்போது பேக்கப்பின் அளவு ஏன் கூடவில்லை என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். பத்து நாள் கழித்துத்தான் கேட்டேன். நல்ல வேளையாக அதற்குள் எதுவும் தொலையவில்லை. அன்றிலிருந்து பேக்கப் ‘வெற்றி’ என்று சொல்கிறதா என்பதைவிட, எத்தனை கோப்பு, எவ்வளவு அளவு என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

எம்டைமை மட்டும் பார்க்கும் பேக்கப்பைக் கைவிடுங்கள். குனூ டாரில் ‘நியூவர்’ என்ற விருப்பம் எம்டைமோடு சிடைமையும் பார்க்கும், ‘நியூவர் எம்டைம்’ என்பது எம்டைமை மட்டும் பார்க்கும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி எழுதிவிடுவார்கள். ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் கருவிகள் இயல்பாகவே சிடைம், அளவு, ஐநோட் எண் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்கின்றன. மெயிலுக்கு அதுவே சரி. உரிமையாளரை மொத்தமாக மாற்றினால் அன்று இரவு எல்லாக் கோப்பையும் மறுபடி படிக்கும், நேரம் ஆகும். ஆனால் உள்ளடக்கம் ஒன்றே என்பதைக் கண்டுபிடித்துவிடும் என்பதால் இடம் கூடாது.

ஆர்சிங்க் வேறு வகை. அது கடந்த முறை எப்போது ஓடினோம் என்று பார்ப்பதில்லை, இரு பக்கத்தையும் ஒப்பிட்டு, அளவும் எம்டைமும் ஒன்றாக இருந்தால் ‘அதேதான்’ என்று விட்டுவிடும். பழைய தேதியோடு வந்த புதுக் கோப்பை அது தவறவிடாது, ஏனென்றால் மறுபக்கத்தில் அந்தப் பெயரே இருக்காது. அது ஏமாறுவது உள்ளடக்கம் மாறி அளவும் எம்டைமும் மாறாத கோப்பில். மெயில்டிரில் அப்படி நடப்பது மிக அரிது. மாதம் ஒருமுறை, உள்ளடக்கத்தையே ஒப்பிடும் ‘செக்சம்’ விருப்பத்தோடு ஓட்டிப் பார்த்தால் போதும். மெயில்டிரில் ஆர்சிங்குக்கு உள்ள உண்மையான சிக்கல் பெயர் மாறுவதுதான். நேற்று படிக்காமல் இருந்த மெயிலை இன்று படித்தால் ஆர்சிங்குக்கு அது புதுக் கோப்பு, மறுபடி அனுப்பும். மறுபக்கத்தில் பழைய பெயரில் உள்ளதை நீக்கச் சொல்லவில்லை என்றால், பேக்கப்பில் ஒரே மெயில் படிக்காததாகவும் படித்ததாகவும் இரண்டு முறை இருக்கும். அதிலிருந்து மீட்டால் பயனருக்கு எல்லாமே இரட்டை இரட்டையாக வரும். நீக்கச் சொன்னாலோ, இன்று தவறாக அழித்தது நாளை பேக்கப்பிலும் இருக்காது. அதனால் ஒரே நகலை வைத்துக்கொண்டு ஆர்சிங்க் ஓட்டுவதைப் பேக்கப் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாள்வாரியாகத் தனித்தனி நகல், அதாவது ஸ்னாப்ஷாட் வேண்டும்.

ஸ்னாப்ஷாட் வைப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. தேதியைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் ஆர்சிங்க் மைனஸ் ஏ ஓட்டுகிறோம். மூலத்தின் கடைசியில் சாய்கோடு போட்டிருந்தால், அந்த மூல ஃபோல்டரின் எம்டைமை ஆர்சிங்க் அப்படியே நம் ஸ்னாப்ஷாட் ஃபோல்டருக்கும் போடும். ஃபோல்டரின் எம்டைம் என்பது அதற்கு நேர் கீழே ஏதாவது சேர்ந்தாலோ நீங்கினாலோ மட்டும் மாறுவது. ஆழத்தில் ஆயிரம் மெயில் வந்தாலும் மேல் ஃபோல்டர் அசையாது. மெயில் வைத்திருக்கும் மேல் ஃபோல்டரில் கடைசியாகப் புதுப் பயனர் சேர்ந்தது ஆறு மாதம் முன்பு என்றால், இன்று எடுத்த ஸ்னாப்ஷாட்டின் தேதியும் ஆறு மாதம் முன்பு. அடுத்து ஓடும் ‘30 நாளுக்கு மேலான பேக்கப்பை நீக்கு’ என்ற ஃபைண்ட், இப்போதுதான் எடுத்த ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்து அத்தனையையும் துடைத்துவிடும். ஸ்னாப்ஷாட்டின் வயதை அதன் பெயரில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து கணக்கிடுங்கள், எத்தனை நாள் ஆனாலும் கடைசி ஏழு ஸ்னாப்ஷாட்டை மட்டும் தொடாதே என்று எண்ணிக்கையிலும் ஒரு வேலி போடுங்கள்.

ஏடைமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் வந்த 2.6.30 கர்னலிலிருந்து லினக்ஸ் இயல்பாக ‘ரெல்ஏடைம்’ முறையில் ஓடுகிறது, ஏடைம் ஒவ்வொரு படிப்புக்கும் புதுப்பிக்கப்படுவதில்லை. அதை வைத்து எதையும் நீக்காதீர்கள். ஒரே ஒரு தகவல்: டாரில் ஏடைமைக் காப்பாற்றும் விருப்பம் உண்டு, இயல்பாக அது படித்து முடித்ததும் பழைய ஏடைமைத் திருப்பி எழுதும். எழுதும்போதே சிடைம் மாறிவிடும். அடுத்த நாள், மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் டார் எல்லாக் கோப்பும் மாறியதாக நினைத்து முழுதாக எடுக்கும். தினசரி நகல் திடீரென்று முழு நகல் அளவுக்கு ஊதியிருந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

வெளி டிரைவில் பேக்கப் எடுப்பவர்களுக்கு. ஃபேட் வடிவ டிரைவில் எம்டைம் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் நகரும், அதுவும் உள்ளூர் நேரத்தில் எழுதப்படும். ஆர்சிங்குக்கு, சிறு நேர வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் ‘மாடிஃபை விண்டோ’ கொடுக்காவிட்டால் பல கோப்புகள் ஒவ்வொரு முறையும் மாறியதாகத் தெரியும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் வருடம் இருமுறை எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளி நிற்கும். இதைவிட நேரடியான தடை, மெயில்டிர் கோப்புப் பெயரில் வரும் கோலன் குறியை ஃபேட் ஏற்றுக்கொள்ளாது, விண்டோஸும் ஏற்றுக்கொள்ளாது. டாராகக் கட்டி அந்த ஒரே கோப்பை வையுங்கள், தேதியும் பெயரும் உள்ளே பத்திரமாக இருக்கும். அவுட்லுக் மெயில்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்புக்கு நிலைமை நேரெதிர். எதையும் மாற்றாமல் சும்மா திறந்து மூடினாலே அதன் எம்டைம் மாறக்கூடும். பத்து கிகாபைட் கோப்பு தினமும் புதிதாகத் தெரியும். கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒப்பிடும் பேக்கப் கருவி இருந்தால்தான் அதைத் தாங்க முடியும்.

இவ்வளவுக்கும் அடியில் கடிகாரம் இருக்கிறது. பேட்டரி செத்த சர்வர் தவறான வருடத்தோடு விழிக்கும். பின்னோக்கிப் போனால் ட்ராஷ் தங்கும், முன்னோக்கிப் போனால் எல்லா மெயிலும் பழையதாகிவிடும். கடிகாரம், நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் தரும் என்டிபியோடு ஒத்துப்போன பிறகே நீக்கும் வேலை தொடங்குமாறு வையுங்கள். நான் எழுதும் நீக்கல் ஸ்கிரிப்ட் எதுவும் முதலில் எண்ணிப் பார்க்கும். வழக்கமாக இருநூறு மெயில் போகும் இடத்தில் இருபதாயிரம் போகப் போகிறது என்றால் எதையும் தொடாமல் நின்று எனக்குத் தகவல் அனுப்பும்.

கடைசியாக, அந்தத் தொலைந்த மெயில். பழைய சர்வரை இன்னும் அழிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கே அது இருக்கும். ஆனால் எடுப்பதற்கு முன் இரண்டு வேலை. ட்ராஷ் ஸ்கிரிப்டை க்ரானிலிருந்து எடுங்கள். இப்போதே ஒரு முழு பேக்கப் எடுங்கள், இறக்குமதி செய்த மற்ற மெயில்கள் அத்தனையும் இன்னும் வெளியில்தான் நிற்கின்றன. அப்புறம் அந்த ஒரு மெயிலை ஐமேப்சிங்க் வழியாகவே தேதியோடு கொண்டுவந்து இன்பாக்ஸில் போடுங்கள். முன்பு இருந்த இடம் என்று ட்ராஷில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் எம்டைம் இன்னும் 2023தான், ஸ்கிரிப்டை யாராவது மறந்து மறுபடி ஓட்டினால் அதே இரவில் மறுபடி போய்விடும்.